'யெஸ் சார்' மட்டும் போதாது

1993ஆம் ஆண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய உதிரிபாகப் பட்டறை. ஐ.டி.ஐ. முடித்து, டர்னராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். நாங்கள் கடைந்து கொடுக்கும் புஷ்களை வாங்குகிற நிறுவனத்திலிருந்து புனேக்காரப் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். என் லேத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பீஸை எடுத்து வெர்னியரில் அளந்தார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். 'ரன்' என் காதில் விழுந்தது. 'செகண்ட் செட்டிங்' விழுந்தது. 'செக்' விழுந்தது. "யெஸ் சார்" என்றேன். அவர் சாப்பிடப் போய்விட்டார்.

மாலையில் அவர் திரும்பி வந்தபோது 140 புஷ்கள் ரிஜெக்ட் ஆகியிருந்தன. உள்விட்டம் கூடுதலாகப் போய்விட்டது. இனி பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். அவர் சொன்னது இதுதான்: 'நான் வந்து செக் பண்ணும்வரை செகண்ட் செட்டிங்கை ஓட்டாதே.' லேத் சம்பந்தப்பட்ட சொல் ஒன்றுகூட எனக்குத் தவறவில்லை. தவறியவை 'டோண்ட்', 'அன்டில்' என்ற இரண்டு சின்னச் சொற்கள். அவர் திட்டவில்லை. பக்கத்து லேத்தில் இருந்த அண்ணன் மூலமாக ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "புரியாதபோது ஏன் யெஸ் சொன்னான்?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னைப் பகுதிநேரமாகப் படிக்க வைத்தது. பிறகு பல ஆண்டுகள், தொழிற்பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வைத்ததும் அதுதான். அந்த வகுப்புகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அன்றாட வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் மிகவும் சிறியது. அதில் பாதி ஏற்கெனவே நம் தொழிலாளர்களின் வாயில் இருக்கிறது. இல்லாத பாதியை நாம் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

கோயம்புத்தூர் பட்டறையிலோ, ஓசூர் ஆலையிலோ, திருப்பூர் கம்பெனியிலோ வேலை செய்கிற ஒருவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஷிப்ட், டார்கெட், லைன், ஸ்டோர், கேஜ், ரிஜெக்ட், ரீவொர்க், லாட், கேட் பாஸ். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு திருப்பூர்ப் பெண் காலர், கஃப், லேபிள், ஓவர்லாக், பேட்டர்ன், சாம்பிள், பையர் என்று சரளமாகப் பேசுவார். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க' என்று அவரே சொல்வார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒருநாள் வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டே போனோம். இருநூறைத் தாண்டியபோது பலகையில் இடம் இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "இதெல்லாம் இங்கிலீஷா சார்? நாங்க தமிழ்னு நினைச்சோம்" என்றார். அந்த வகுப்பில் பயம் பாதியாகக் குறைந்தது அந்த நிமிடத்தில்தான்.

பெயர்ச்சொல் மட்டும் அல்ல, வினைச்சொல்லும் கைவசம் இருக்கிறது. செக் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, கிளீன் பண்ணு, லோட் பண்ணு, ஸ்டாப் பண்ணு, பேக் பண்ணு. இந்த 'பண்ணு'வைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அயல்சொல் எதுவானாலும் அதைத் தூக்கித் தமிழ் வாக்கியத்துக்குள் இறக்கிவைக்கும் பாரவண்டி அது. செய்தது, செய்யாதது, செய்யப்போவது, செய்யட்டுமா என்று கேட்பது, செய்ய முடியாது என்று மறுப்பது என எல்லாவற்றையும் 'பண்ணு'வே சுமக்கிறது. 'செக்' சும்மா உட்கார்ந்து வருகிறது. அதனால்தான் இருநூறு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டும் நம்மவருக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. 'பண்ணு'வை எடுத்துவிட்டால் அந்த வேலையை ஆங்கிலத்தில் எது செய்யும் என்று யாரும் காட்டித் தரவில்லை.

காட்டித் தருவது கடினமே இல்லை. 'செக் பண்ணிட்டேன்' என்பது 'ஐ செக்ட் இட்'. 'செக் பண்ணலை' என்பது 'ஐ டிட் நாட் செக் இட்'. 'செக் பண்ணிட்டு இருக்கேன்' என்பது 'ஐ ஆம் செக்கிங் இட்'. 'செக் பண்ணவா?' என்றால் 'ஷல் ஐ செக் இட்?' 'செக் பண்ண முடியலை' என்றால் 'ஐ காண்ட் செக் இட்'. 'செக் பண்ணாதே' என்றால் 'டோண்ட் செக் இட்'. ஆறே வடிவம். நிகழ்காலம், இறந்தகாலம், துணைவினை என்ற பெயர் எதுவும் வேண்டாம். இந்த ஆறையும் ஒரு வாரம் 'செக்'கில் ஓட்டிப் பழகியவர், மறுவாரம் 'கிளீன்', 'லோட்', 'அட்ஜஸ்ட்' என்று தானே மாற்றிப் போட்டுக்கொள்வார். தன் வேலைக்கு வேண்டிய 40 வினைகளை இந்த ஆறு அச்சில் வார்த்தெடுத்தால் 240 வாக்கியம் கையில் இருக்கும். ஒரு ஷிப்டுக்கு அது தாராளம்.

சில இடங்களில் இடறும். 'டைட் பண்ணு', 'லூஸ் பண்ணு' என்று பழகியவர் 'ஐ டைட் இட்' என்பார். 'டைட்டன்' என்பதே சரி. ஆனால், கேட்பவருக்குப் புரிந்துவிடும், வேலை நடந்துவிடும். திருத்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். பொருளே மாறிவிடுகிற இடம்தான் ஆபத்து. 'டவுட்' அப்படிப்பட்ட சொல். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் சொன்னால் 'ஒன்று கேட்க வேண்டும்' என்று அர்த்தம். வெளிநாட்டவர் பலரின் காதில் அது 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழும். அந்த இடத்தில் 'கொஸ்டின்' என்ற சொல்லைப் போடப் பழக்கிவிட்டால் ஒரு மனக்கசப்பு மிச்சம்.

இப்படிக் கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு காரியம் பார்ப்பதைக் குறைவாக நினைக்கிறவர்கள் சி.கே. ஆக்டனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மொழியறிஞரான அவர் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தை வெளியிட்டார். மொத்தம் 850 சொற்கள். அவற்றில் 600 பொருட்பெயர்கள். வினைகள் 18 மட்டும். கம், கோ, கிவ், கெட், மேக், புட், டேக், டூ போன்ற பாடுபடும் சிறு வினைகளைப் பிடித்து, மற்ற வினைகளின் வேலையையெல்லாம் அவற்றின் தலையில் ஏற்றினார். நம் தொழிலாளி 'பண்ணு'வை வைத்துத் தமிழில் இயல்பாகச் செய்கிறதை, ஆங்கிலத்துக்குள் ஓர் அறிஞர் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உலகம் முழுவதும் அந்தத் திட்டம் பரவவில்லை என்பது உண்மை. ஆனால், சிறிய ஆங்கிலம் என்பது ஊனமான ஆங்கிலம் அல்ல என்ற எண்ணம் அதோடு சாகவில்லை.

விமானப் பராமரிப்புக் கையேடுகளைப் பாருங்கள். அவற்றை எழுதுவதற்கென்று 'சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்ற கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பொதுச்சொற்கள் சுமார் 900. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செய்முறையைச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. கப்பல்களுக்கும் அப்படியே: சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கடல் தொடர்புக்கான நிலையான வாக்கியங்களின் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. பல கோடி டாலர் பெறுமானமுள்ள விமானமும் கப்பலும் இந்தச் சிறிய ஆங்கிலத்தை நம்பித்தான் ஓடுகின்றன. எளிமையாகச் சொல்லும் பொறுப்பை இவை யார் மேல் வைக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். படிக்கிற மெக்கானிக்கின் மேல் அல்ல. எழுதுகிற பொறியாளரின் மேல்.

புரியாமல் 'யெஸ்' சொல்வதன் விலை 140 புஷ்களோடு நிற்பதில்லை. 1996 நவம்பர் 12 அன்று மாலை, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானம் ஒன்று. டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானம் மற்றொன்று. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். நடுவானில் இரு விமானங்கள் மோதி இத்தனை பேர் இறந்த விபத்து அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். சவூதி விமானம் 14,000 அடியில் இருந்தது. கஜகஸ்தான் விமானம் தனக்குத் தரப்பட்ட உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை ஆணையம் அதையே காரணமாகச் சொன்னது. அந்த விமானிகளுக்குப் போதுமான ஆங்கிலம் தெரியாததையும், கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவதற்கு அவர்கள் ரேடியோ இயக்குநரையே சார்ந்திருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. பின்னாளில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, பன்னாட்டுத் தடங்களில் பறக்கும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. அதில் தேற இங்கிலாந்துக்காரரைப் போலப் பேச வேண்டியதில்லை. மற்றவருக்குப் புரியும்படி பேச வேண்டும். புரியாவிட்டால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும்.

விமானத் துறையின் பழக்கம் ஒன்றை எந்தப் பட்டறையும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தைச் சொன்னால், விமானி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 'யெஸ்' என்பது அங்கே போதுமான பதில் ஆகாது. 1993இல் நானும் அந்தப் பொறியாளரிடம், "யூ கம், யூ செக், தென் ரன்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும். இலக்கணம் உடைந்த வாக்கியம்தான். ஆனால், 140 புஷ்களும் பிழைத்திருக்கும். நேராக ஆட்கள் எதிரில் நிற்கும்போதே இப்படியென்றால், இரைச்சலுக்கு நடுவில் போனில் கேட்கும்போது எப்படி இருக்கும்? 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழகுவதற்கு ஒரு மணி நேரம் போதும்.

பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் படித்தும் ஏன் இது வரவில்லை? ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், தேர்வில் வரும் கேள்விக்கு அவர்களைத் தயார் செய்வதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. ஆனால், தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரையும் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லும் ஆங்கில வாக்கியம் ஒன்று இருக்கிறது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவ் லெட்டர். செய்யுள் மறந்துவிட்டது, இலக்கணம் மறந்துவிட்டது, அது மட்டும் ஏன் நிற்கிறது? அது ஒரு காரியத்துக்காகக் கற்ற ஆங்கிலம். எழுதிக் கொடுத்தால் விடுப்பு கிடைத்தது. பிழையாக எழுதியபோதும் கிடைத்தது.

காரியத்துக்காகக் கற்பதுதான் நிற்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் மண்ணிலேயே நடந்தது. என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை வரிசையாக நடத்துவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தார்கள். எந்த ரயிலைப் பிடித்தால் இத்தனை மணிக்குள் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கவனம் முழுக்க விடையில். ஆங்கிலம் அதற்குக் கருவி. 'பெங்களூர் பிராஜெக்ட்' என்று உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இதைப் படிக்கிறார்கள். பிரபு 1987இல் எழுதிய 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' அந்தத் துறையில் இன்றும் பாடநூல். இத்தனை இருந்தும், நம் ஊர்ப் பேச்சு ஆங்கில மையங்களில் இன்றும் முதல் நாள் பாடம் பன்னிரண்டு காலங்களின் அட்டவணைதான். காசு கட்டிச் சேர்ந்த பிள்ளை அட்டவணையைப் பார்த்து மிரண்டு இரண்டாம் வாரம் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் பேசும்.

ஒரு ஷிப்டில் ரயில் அட்டவணையைவிட நல்ல பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் இயந்திரத்தை ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை. ஸ்டோரில் ஒரு டூல் கேட்பது. இயந்திரம் நின்றுவிட்டால் போனில் மெயின்டெனன்ஸுக்குத் தெரிவிப்பது: எது, எங்கே, எப்போது, என்ன சத்தம். வாட்ஸ்அப் குழுவில் 'லாட் 7 பேக்ட், லாட் 8 நாட் ரெடி' என்று ஒரு வரி போடுவது. 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' போன்ற பழைய மனுக்களின் நடை எதற்கும் வேண்டாம். அந்த நடைதான் நல்ல ஆங்கிலம் என்று நம்பி, ஒரு வரி எழுதவே கை கூசுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தமிழ்வழியில் படித்ததுதான் இந்தக் கூச்சத்துக்குக் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வேலை செய்யும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள்தான். அவர்களில் பலருடைய ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவர்கள் அதற்காக வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நோட்டில் படம் வரைந்து காட்டுவார்கள், எண்ணை எழுதிக் காட்டுவார்கள், "ஒன்ஸ் மோர்" என்று கேட்பார்கள். இன்றைய ஆலையில் ஆங்கிலம் என்பது பெரும்பாலும் இரண்டு அயலார் சந்திக்கிற திண்ணை. வீட்டுக்காரர் அங்கே இல்லை. அப்படியிருக்க, நம் பிள்ளை மட்டும் யாரோ மதிப்பெண் போடுகிறார்கள் என்பதுபோல் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. தமிழில் ஆழமாகப் படித்தவர், இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர். அவருக்குக் குறைவது 240 வாக்கியங்களும், அவற்றைப் பிழையோடு பேசிப் பார்க்க ஓர் இடமும்தான்.

அந்த இடத்தை யார் தருவது? தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பேச்சு ஆங்கிலமும் இருக்கிறது. நல்ல தொடக்கம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது உதவும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, அதன்மேல் ஓ.டி.யும் பார்த்து, கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து ஊருக்குப் போகிறவரிடம் 'மாலை வகுப்புக்கு வா' என்பது நியாயமே இல்லை. என் வகுப்பிலேயே அசந்து தூங்கியவர்களை நான் எழுப்பியதில்லை. பெண்கள் நிலைமை இன்னும் கடினம். விடுதியில் தங்கி மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கு எது மாலை?

ஆகவே, இது நிறுவனத்தின் வேலை. வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், ஷிப்டுக்குள்ளேயே, சம்பளம் பிடிக்காமல். வெளியிலிருந்து வாத்தியார்கூட வேண்டாம். அந்த லைனில் கொஞ்சம் ஆங்கிலம் பழகிய மூத்தவர் ஒருவர் போதும். பாடப்புத்தகம் அந்த இயந்திரமே. ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் போகிற பணத்தோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிரோடு விளையாடும் இடங்களில், அதாவது மின்சாரம், ரசாயனம், பிரஸ், கிரேன் பக்கத்தில், எச்சரிக்கை தமிழில் இருந்தே ஆக வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதைச் சாக்காக வைத்து அந்தப் பலகையைக் கழற்றுவது குற்றம்.

மேலே இருப்பவர்கள் தங்கள் ஆங்கிலத்தைக் குறைத்துக்கொள்ளவும் பழக வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. 'டோண்ட்' என்பதை விழுங்காமல் 'டூ நாட்' என்று அழுத்திச் சொல்வது. எண்ணை எழுதிக் காட்டுவது. 'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் 'யெஸ் சார்' என்ற பதில்தான் கிடைக்கும். 'என்ன செய்யப் போகிறாய், சொல்' என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பெரியவர் சொன்னதை மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மரியாதையைத்தான் அன்று நான் 'யெஸ்' என்று சொன்னேன். புனேக்காரருக்கு அது புரிய வழியில்லை.

என் வகுப்பில் முதல் நாள் 'குட் மார்னிங்' சொல்லிக்கொடுப்பதில்லை. 'சாரி சார், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் சே இட் அகெய்ன்' என்ற இரண்டு வாக்கியங்களைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். எழுந்து நின்று, உரத்த குரலில், ஒவ்வொருவரும். பலருக்குத் தொண்டை அடைக்கும். சிலர் கண் கலங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ சூப்பர்வைசராக, மேலாளராக, முதலாளியாக இருக்கலாம். நாளைக்கு உங்கள் பிரிவில் ஒரு பையனோ பெண்ணோ உடைந்த ஆங்கிலத்தில் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னால், தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். இன்னும் மெதுவாக, இன்னும் சின்ன வாக்கியமாக, இன்னொரு முறை சொல்லுங்கள்.